லாட நண்டு விருத்தாசலத்துக்கு நடந்து வந்த வருடங்கள்

1964ஆம் வருடம் பங்குனி மாதம் ஏழாம் தேதி காலை, கடலிலிருந்து லாட நண்டு ஒன்று விருத்தாசலத்துக்கு நடந்து வந்து சேர்ந்தது. மாசி மகத்தன்று வெள்ளாற்று முகத்துவாரத்தில் அது கரையேறியது என்றும், சேத்தியாத்தோப்பு அணைக்கட்டின் சுவரை இரண்டு பகல் முயன்று ஏறியது என்றும், கூடலையாற்றூரில் வழி தவறாமல் மணிமுத்தாற்றுக்குள் திரும்பியது என்றும் அந்தந்த ஊர்க்காரர்கள் பின்னால் சொன்னார்கள். கவிழ்த்த இரும்புச் சட்டி போன்ற ஓடு, அதற்குப் பின்னால் ஈட்டி மாதிரி ஒரு வால். மணிமுத்தாற்றில் அப்போது கணுக்கால் நனையத் தண்ணீர் கிடையாது. வாலால் மணலில் கோடு கிழித்துக்கொண்டே வந்து, பாலத்தடியில் மேலேறி, ரயில்வே கேட் மூடியிருந்ததால் சரக்கு வண்டி போகும்வரை மாட்டு வண்டிகளோடு நின்று, கேட் திறந்ததும் பீங்கான் பேட்டைக்குள் போயிற்று. அந்த வாரம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் விலை சரிந்திருந்தது. ஊர் முதலில் அதைப் பேசி முடித்துவிட்டுத்தான் நண்டுக்கு வந்தது.

நண்டு போய் நின்ற இடம் ஆதிநாராயணன் முதலாளியின் பீங்கான் கம்பெனி. ஊறுகாய் ஜாடியும் ப்யூஸ் கட்டையும்தான் அங்கே பிழைப்பு. திருவிழாச் சமயத்தில் பொம்மையும் போடுவார்கள். முற்றத்துப் பலகைகளில் நண்டுப் பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வந்த நண்டு முதல் பொம்மையின் முதுகில் ஏறி, முன்னங்கால் கொக்கிகளால் அதன் விளிம்பைப் பிடித்து, எண்ணி மூன்று மூச்சு நேரம் இருந்துவிட்டு இறங்கியது. பிறகு அடுத்த பொம்மை, அதற்கடுத்தது. நானூறு பொம்மையையும் பார்த்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. பொம்மை காயவைக்கும் பெண்கள் அதற்கு வழிவிட்டு நடந்தார்கள். பிறகு குழாயடி ஈரத்தில் அமாவாசை வரை கிடந்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று. அந்த நாட்களில் முற்றத்துக்கு வராத ஒரே ஆள், கம்பெனியின் அச்சுக்காரர் மாணிக்கவேல். பல்வலி என்று சொன்னார். அவருக்குப் பல் ஒன்றும் வலிக்கவில்லை.

அது யார், யாரைத் தேடி வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். போன வருடம் மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் வழக்கம்போலக் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளினார். கூடவே, வழக்கம்போல, சீதாராமன் சாரும் போனார். சார் ஸ்ரீமுஷ்ணத்துக் கோயில் குடும்பம், விருத்தாசலத்தில் ஹைஸ்கூல் விஞ்ஞான வாத்தியார். எல்லாரும் பெருமாளைச் சேவிக்கும் நேரத்தில் இவர் காக்கி நிறத்து நோட்டோடு உப்பங்கழிச் சேற்றில் இறங்கிவிடுவார். உள்ளான் குருவி எத்தனை, ஆலாப் பறவை எத்தனை, உளுவை மீன் எந்த வேளைக்குச் சேற்றில் ஏறித் துள்ளுகிறது, பங்குனி ஆமை முட்டையிட வரத் தொடங்கிவிட்டதா என்று குறித்துக்கொள்வார். பெருமாளும் அவரைக் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. அந்த வருடம் மாணிக்கவேலையும் அழைத்துப் போயிருந்தார். பள்ளிக்கூடத்து லேபுக்கு ஒரு லாட நண்டு உருவம் வேண்டும். செத்ததை வைத்தால் நாறும், பீங்கானில் செய்தால் நிற்கும் என்பது அவர் யோசனை.

பௌர்ணமி ஓதத்தில் ஒரு ஜோடி மணலேறியிருந்தது. பெண்ணின் முதுகில் ஆண் ஒட்டிக்கொண்டிருந்தது. இதற்கு என்ன பெயர் என்று சார் கேட்டதற்கு, படகுக்காரர் கோவிந்தராசு, "நாங்க பேரு வெக்கலைங்க. விக்கிற சரக்கா இருந்தா வெச்சிருப்போம். புருசன் பொஞ்சாதின்னு சொல்லுவோம். பிரிஞ்சி பாத்ததில்ல" என்றார். பெண்தான் பெரிது, விவரமும் அதில்தான் நன்றாகத் தெரியும். இடப்பக்க விளிம்பில் அதற்கு ஒரு சின்ன வெட்டு இருந்தது. ஆணைப் பிரிக்க சாருக்குக் கை வரவில்லை. மாணிக்கவேல்தான் கொக்கிகளை ஒவ்வொன்றாக நெம்பி விடுவித்தார். அச்சிலிருந்து ஈரப் பொம்மையை நோகாமல் பிரிக்கிற விரல்கள். ஆணைத் தண்ணீரில் விட்டார்கள். பெண்ணை ஈரச் சாக்கில் சுற்றினார்கள்.

"களிமண்ணுல அழுத்தி எடுத்தாப் போதும், மாணிக்கவேல். ஒரு நிமிஷ வேலை. பிளாஸ்டர் வேணாம், அது சுடும். நாளைக்கே கொண்டாந்து இதே எடத்துல விட்டுடணும். ஆணு இங்கயேதான் சுத்திக்கிட்டு இருக்கும்" என்று சார் பஸ்ஸில் இரண்டு தடவை சொன்னார். மாணிக்கவேலும் இரண்டு தடவை சரிங்க சார் என்றார்.

களிமண்ணில் அழுத்தித்தான் முதலில் எடுத்தார். தோசைக்கல்லை அழுத்தின மாதிரி மொழுக்கென்று வந்தது. ஓட்டின் மேலிருந்த முள், மேடு, முடி போன்ற கோடு ஒன்றும் விழவில்லை. மாணிக்கவேலின் அச்சு என்றால் பேட்டையில் ஒரு மதிப்பு உண்டு. சரஸ்வதி பொம்மையின் வீணைத் தந்தியை எண்ணலாம் என்பார்கள். இந்த மொழுக்கட்டையைச் சார் கையில் எப்படிக் கொடுப்பது என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டது. நண்டோ சாக்கில் அசையாமல் கிடந்தது. அரை மணி நேரம்தானே, என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதைக் களிமண் படுக்கையில் விளிம்புவரை பதித்து, ஓட்டின் மேல் சோப்புத் தண்ணீர் தடவி, சுற்றிலும் சட்டம் வைத்து, பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினார்.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். அச்சுக்காரர்கள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பதம் பார்ப்பார்கள். சூடு ஏறி, நின்று, இறங்கத் தொடங்கினால் எடுக்கலாம். மாணிக்கவேல் வலது கையை வைத்தார். சூடு ஏறிக்கொண்டிருக்கும்போது கீழிருந்து ஒரு தட்டு வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அது உயிரோடு இருக்கிறது, உள்ளே வேகிறது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்போதே தூக்கியிருந்தால் பிளாஸ்டர் உடைந்து அச்சு போயிருக்கும், நண்டு பிழைத்திருக்கும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர் கையை எடுக்கவில்லை. மூன்றாவது தட்டு வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. அச்சு மிக நன்றாக விழுந்திருந்தது, விளிம்பு வெட்டு உட்பட. செத்ததைச் சூளை அடுப்பில் போட்டார். ஒரு பிடி சாம்பல்கூட மிஞ்சவில்லை.

மறுநாள் சார் கேட்டார். "விட்டுட்டேன் சார். கிள்ளைக்குப் போவ முடியல. ஜாடி லாரி கடலூருக்குப் போச்சி, முதுநகர்ல கடல்ல எறக்கி விட்டுட்டேன்" என்றார் மாணிக்கவேல். பொய் இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. சார் காக்கி நோட்டை எடுத்தார். பிறகு, "உங்க மேல தப்பில்ல. நானே கூட வந்திருக்கணும்" என்று சொல்லி, நோட்டில் 'விடப்பட்டது, கடலூர்' என்று எழுதிக்கொண்டார்.

அதனால்தான் 1964இல் ஆண் நண்டு வந்தபோது சார் அதன் எதிரே குத்துக்காலிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பெண்ணைப் பிரித்துக் கொண்டுவந்தது தன் யோசனை, அதைச் சரியான இடத்தில் விடாதது தன் அசட்டை. ஒன்று கடலூரில் தவிக்கிறது, ஒன்று இங்கே அலைகிறது என்று கணக்குப் போட்டுவிட்டார். மறு வருடம் தை பிறந்ததும் சனி, ஞாயிறு தோறும் கடலூர் பாசஞ்சரில் ஏறிப் போனார். முதுநகரிலிருந்து பரங்கிப்பேட்டை வரை கடற்கரையோடு நடந்து, ஒதுங்கிய ஓடு, ஊர்கிற ஓடு எல்லாவற்றையும் குனிந்து பார்த்தார். அடையாளத்துக்கு மாணிக்கவேல் செய்த பொம்மை ஒன்று கையில் இருக்கும். காணாமல் போனவர்களின் போட்டோவைக் காட்டிக் கேட்பதுபோல மீனவர்களிடம் அதைக் காட்டி, இந்த விளிம்பு வெட்டைப் பாருங்கள் என்பார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

நண்டு ஒவ்வொரு வருடமும் வந்தது. இரண்டாம் வருடம் ஊர் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தது: ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் கடலுக்குப் போகிறார், கடல் பதிலுக்குத் தன் ஆளை அனுப்புகிறது. மூன்றாம் வருடம் பாலத்தடியில் மேளம் வைத்தார்கள். ஐந்தாம் வருடம் ரயில்வே கேட்டில் இருந்த விருத்தகிரி, அது வரும் நேரம் பார்த்துக் கேட்டைத் திறந்து வைத்து மேலிடத்தில் திட்டு வாங்கினார். நண்டுப் பொம்மை இல்லாத வீடு விருத்தாசலத்தில் இல்லை என்றாயிற்று. ஒரு பிளாஸ்டர் அச்சு நூறு பொம்மைக்கு மேல் தாங்காது, கோடு மழுங்கிவிடும். இந்த அச்சு ஆயிரம் தாண்டியும் முதல் நாள் போலவே இருந்தது. மாணிக்கவேல் அதை இரண்டு முறை கை தவறினாற்போலக் கீழே போட்டுப் பார்த்தார். சிமெண்டுத் தரைதான் விரிசல் விட்டது.

ஊர் அவரைச் சும்மா விடவில்லை. கடல் ஆள் வருவதற்கு முன்பே அதன் உருவத்தைச் செய்துவைத்த கை என்று 1969இல் பேட்டைத் தெருவே கூடி, நாற்காலி போட்டு உட்கார வைத்து, தலைப்பாகை கட்டி, அந்த வலது கைக்குச் சந்தனம் பூசினார்கள். சீதாராமன் சாரும் கூட்டத்தில் நின்று கைதட்டினார். மாணிக்கவேலுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஆதிநாராயணன் அதில் ஒரு லட்டை வைத்தார்.

வீட்டிலும் நிம்மதியில்லை. அவர் மனைவி கமலம், நண்டு குழாயடியில் கிடக்கும் நாட்களில் காலையும் மாலையும் குடத்தில் உப்புத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவாள். "ஊரு என்னமோ சொல்லிக்கட்டும். அது எதையோ தொலைச்சிட்டுத் தேடுது. ஒவ்வொரு பொம்மையையும் புடிச்சிப் பாத்துட்டு விடுது பாரு, அதைப் பாக்க முடியல. நீ ஒரு தடவ வந்து பாக்கக்கூடாதா?" என்றாள். அவர் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பதினாலு வருடம் குறுகுறுத்தால் ஒரு மனிதன் என்ன ஆவான் என்பதற்கு மாணிக்கவேலைப் பார்த்தால் போதும். தெருவில் யாராவது கதவைத் தட்டினால் கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

இதற்குள் சாரிடம் பதினாலு நோட்டு சேர்ந்துவிட்டது. தேடப் போனவர் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். பூநாரைகள் எந்தத் தேதியில் புறப்பட்டன, ஆமை எந்த மேட்டில் எத்தனை குழி தோண்டியது, ஆலாக் குஞ்சுகள் எந்தப் புயலில் போயின என்று எல்லாம் அதில் இருந்தன. அவர் தேடியது மட்டும் இல்லை. மதுரைப் பக்கம் ஹெட்மாஸ்டர் வேலை வந்தது. கடற்கரைக்குத் தூரம் என்று வேண்டாமென்றார். அவர் மனைவி பாக்யலட்சுமி ஒரு வாரம் அழுதுவிட்டுத் தயிர்சாதம் கட்டிக்கொடுக்கத் தொடங்கினாள். உப்புக்காற்றும் மணல் வெயிலும் கண்ணைத் தின்றன. 1976 முடியும்போது எதிரில் நிற்பவரைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

1977 மாசியில் சார் தட்டுத்தடவிக் கம்பெனிக்கு வந்தார். "எனக்குப் பார்வை நின்னுபோச்சி, மாணிக்கவேல். வர்ற மகத்துக்கு நீங்க என்கூட வந்து பாருங்க. அதோட வெட்டு உங்களுக்குத்தான் தெரியும். நான் போறதுக்குள்ள ரெண்டையும் சேத்து வெச்சிடணும். இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது" என்றார். இதற்கு முடியாது என்று சொல்கிற ஆள் உலகத்தில் எங்காவது இருக்கலாம். மாணிக்கவேலால் முடியவில்லை.

மூன்று நாள் நடந்தார்கள். சார் மாணிக்கவேலின் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார். ஓடு ஏதாவது காலில் பட்டால் நின்று, "இதுவா பாருங்க" என்பார். மாணிக்கவேல் குனிந்து, தான் எரித்த ஒன்றைத் தேடி, "இல்ல சார்" என்பார். சார் சலித்துக்கொள்ளவே இல்லை. பறவைச் சத்தம் கேட்டால் அது என்ன பறவை என்று சொல்லி, எத்தனை இருக்கிறது என்று எண்ணச் சொன்னார். மாணிக்கவேல் எண்ணிச் சொன்னார். சொல்வதெல்லாம் அப்படியே நம்பப்படுவது அவருக்குத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் மாசி மகம். விடியற்காலையில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் நூற்றுச் சொச்சம் தடவை 'இல்ல சார்' என்று சொல்லியிருந்தார். அடுத்த ஓடு காலில் பட்டது.

"இதுவா பாருங்க" என்றார் சார்.

"பாக்க வேணாம் சார். அது இல்ல."

"இங்க இல்லன்னா அந்தப் பக்கத்து மேட்டுல பாப்போம்."

"எங்கயுமே இல்ல சார். நான் கொன்னுட்டேன்."

மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். களிமண்ணில் எடுத்தது, மொழுக்கட்டையாக வந்தது, பிளாஸ்டர், மூன்று தட்டு, எடுக்காத கை, சூளை, லாரி. எதையும் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் சாருக்குத் தெரிந்திருக்காது. ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. சார் அடிப்பார் என்று மாணிக்கவேல் எதிர்பார்த்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார். தண்ணீர் காலைத் தொட்டபோது சார் கேட்டார்.

"கோடெல்லாம் நல்லா விழுந்துச்சா?"

"விழுந்துச்சிங்க சார். முடி மாதிரி விழுந்துச்சி."

சார் கையிலிருந்த பொம்மையின் விளிம்பு வெட்டைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவி, அதை மணலில் வைத்தார். பைக்குள் துழாவி முதல் நோட்டை எடுத்தார். "கடைசிப் பக்கத்துல 'விடப்பட்டது'ன்னு இருக்கும். அடிச்சிட்டு நடந்ததை எழுதுங்க. நாள், நேரம் எல்லாம் போடுங்க" என்றார். அஞ்சாம் கிளாஸ் வரை படித்த மாணிக்கவேல் பென்சிலை வாங்கி, எழுத்து எழுத்தாக எழுதினார். 'பிளாஸ்டர் சூடு ஏறும்போது மூன்று தடவை தட்டியது. நான் கையை எடுக்கவில்லை.' அதற்குமேல் கண்ணை நீர் மறைத்தது. பென்சிலை வைத்துவிட்டு வலது கையை மணலில் ஊன்றிக்கொண்டார்.

அப்போதுதான் ஆண் நண்டு அந்த வருடத்து நடைக்காகக் கரையேறியது. கால்களில் இரண்டு தேய்ந்தே போயிருந்தன. பொம்மைக்குப் பக்கத்தில் வந்தும் அது நிற்கவில்லை. நேராக மாணிக்கவேலின் கைக்கு வந்தது. உள்ளங்கைக்கு அடியில் சின்னக் கால்களை நுழைத்துத் தடவியது. பிறகு மேலேறி, இரண்டு கொக்கிகளாலும் மணிக்கட்டைப் பிடித்தது. மூன்று மூச்சு நேரம் ஆயிற்று, முப்பது ஆயிற்று. இறங்கவில்லை.

"மணல்ல ஊர்ந்துச்சே, என்ன அது?" என்றார் சார்.

"ஆணு சார். கையப் புடிச்சிக்கிச்சி."

சார் விரல்களால் தொட்டுப் பார்த்தார். "கொக்கியை எடுக்க உங்களுக்குத் தெரியுமே" என்றார்.

"தெரியும் சார். எடுக்கல."

திரும்பும்போது கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். நண்டுக்கு இல்லை என்றார். கமலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பதினாலு வருடம் பக்கத்தில் படுத்தவளிடம் சொல்லத் தோன்றவில்லையே என்பதுதான் அவள் கோபம். நாலாம் நாள் சோற்றை உருட்டி அவர் வாயில் ஊட்டினாள். குடத்து உப்புத் தண்ணீரை மணிக்கட்டில் ஊற்றினாள். அதன் பிறகு காலையும் மாலையும் அந்த வேலை நிற்கவில்லை. ஊருக்கும் அவரே நடந்ததைச் சொன்னார். தலைப்பாகை கட்டியவர்கள் சில மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பிறகு வழக்கம்போல டீக்கடையில் இடம் விட்டார்கள், நண்டுக்கும் சேர்த்து. அந்த ஐப்பசி மழையில் அச்சு கரைந்து சுண்ணாம்பானது. முதலாளி அவரை வைக்கோல் சுற்றி ஜாடி அடுக்கும் வேலைக்கு மாற்றினார். ஒரு கையால் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். ரேஷன் கார்டு புதுப்பிக்க வந்தவர் மணிக்கட்டைப் பார்த்தார், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார், எழுதிக்கொண்டு போனார்.

ஒவ்வொரு மாசி மகத்துக்கும் சாரும் மாணிக்கவேலும் கிள்ளைக்குப் போகிறார்கள். ஓதம் ஏறத் தொடங்கும்போது மாணிக்கவேல் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வலது கையைக் கடலுக்குள் தாழ்த்திக்கொண்டு, வடியும்வரை நிற்பார். போக நினைத்தால் போகட்டும் என்று கையை ஆட்டாமல் வைத்திருப்பார். சார் கரையில் உட்கார்ந்து உள்ளான்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். 1979ஆம் வருடமும் அப்படித்தான் நின்று, நனைந்து, மேலே வந்தார்.

"விட்டுச்சா?" என்றார் சார்.

"இல்ல சார்."

"வலிக்குதா?"

"வலிக்குது சார்."

"ரெண்டையும் எழுதுங்க."

மாணிக்கவேல் நோட்டை முழங்காலில் வைத்து, இதற்குள் பழகிப்போயிருந்த இடது கையால் இரண்டையும் எழுதினார். பிறகு சிதம்பரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இருவரும் எழுந்து நடந்தார்கள்.